மைதானத்தில் கெட்ட வார்த்தை: அபராதமா, தடையா?

(நமது சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று கடலுக்குப் போயிருந்த உறுப்பினர்கள் பலர் கேட்டதால் இங்கே தரப்படுகிறது. இதில் சொல்லப்படும் தீர்மானம் அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வருகிறது.)



தெருவிளக்கு, குடிதண்ணீர், முகத்துவாரம் தூர்ந்துபோவது என்று பேச வேண்டிய விஷயங்கள் வரிசையில் நிற்கின்றன. அதற்கு நடுவில் கெட்ட வார்த்தையைப் பற்றிப் பேச இருபது நிமிடம் வேண்டும் என்று கேட்டேன். தலைவர் சிரித்துக்கொண்டேதான் ஒப்புக்கொண்டார். நீங்களும் சிரிக்கலாம். ஆனால் 17 வயசுப் பையன் ஒருவனுடைய ஒரு வருஷம் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

பொங்கல் போட்டி அரையிறுதியில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்கு நேரிலேயே தெரியும். கடைசி ஓவர், எதிரணிக்கு நாலு ரன் வேண்டும். நம் பையன் போட்ட பந்து பேட்ஸ்மேன் தலைக்கு மேலே போனது. நான் வைடு கொடுத்தேன். அவன் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னான். என் அம்மாவைச் சேர்த்துச் சொன்னான். அது எனக்கும் அவனுக்கும் நடுவில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் வர்ணனை மைக்கை அன்றைக்கு ஸ்கோரர் மேசையிலிருந்து கழற்றி எல்லைக்கோட்டுக்கு உள்ளேயே கொண்டுவந்திருந்தார்கள். ஒலிபெருக்கி நாலு பக்கமும் கட்டியிருந்தது. கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள்வரை அந்த வார்த்தை போய்ச் சேர்ந்தது. என் அம்மா இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. அன்றைக்கு ஊர் முழுக்க அவரை நினைத்துக்கொண்டது.

விழாக் குழு அந்த இடத்திலேயே ஒரு வருஷத் தடை விதித்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைய கோபத்தில் நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது அதையே நிரந்தர விதி ஆக்க ஒரு தீர்மானம் வந்திருக்கிறது: சங்கம் நடத்தும் எந்தப் போட்டியிலும் கெட்ட வார்த்தை பேசும் ஆட்டக்காரருக்கு ஒரு வருஷத் தடை, கூடவே ஐந்நூறு ரூபாய் அபராதம்.

மூணு நாள் கழித்து அந்தப் பையன் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்று, "சார், மன்னிச்சிக்கங்க, வாய்ல வந்துருச்சி" என்றான். நானும் விட்டுவிட்டேன். போகும்போது திரும்பி நின்று கேட்டான்.

"சார், கோலி பேசாததா? அவரை என்ன பண்ணாங்க?"

"ஃபைன் போட்டாங்கப்பா."

"ஃபைன் கட்டிட்டு அடுத்த மேட்ச் ஆடுனாரா இல்லையா?"

"ஆடினாரு."

"அப்ப எனக்கு மட்டும் இன்னாத்துக்கு சார் ஒரு வருஷம்?"

முப்பது வருஷம் பி.டி. மாஸ்டராக இருந்தவனுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. அதன் பிறகு உட்கார்ந்து படித்ததைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

அவன் சொன்ன கோலி விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2012 ஜனவரி, சிட்னி டெஸ்ட். கோலிக்கு அப்போது 23 வயசு. எல்லைக்கோட்டருகே நின்றவர், கூட்டத்தைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார். ஆட்டச் சம்பளத்தில் 50 சதவீதம் அபராதம். கூட்டத்தில் இருந்தவர்கள் தன் அம்மாவையும் சகோதரியையும் இழுத்துப் பேசினார்கள் என்பது அவர் தரப்பு. அதே மாதம் அடிலெய்டில் தன் முதல் டெஸ்ட் சதத்தை அடித்தார். சிட்னியோடு சேர்த்து அவரை ஒரு வருஷம் உட்கார வைத்திருந்தால் அந்தச் சதம் இல்லை.

நம் தமிழ்நாட்டிலேயே ஒன்று இருக்கிறது. 2022 ஜூன், திருநெல்வேலியில் டிஎன்பிஎல் முதல் ஆட்டம். சேப்பாக் அணிக்கு ஆடிய ஜெகதீசனை, பந்து போடும் முன்பே கிரீஸை விட்டு வெளியே வந்தார் என்று நெல்லை அணியின் பாபா அபராஜித் ரன் அவுட் செய்தார். விதிப்படி அது அவுட்தான். ஜெகதீசன் வெளியே போகும்போது அபராஜித்தைப் பார்த்து விரலைக் காட்டிக்கொண்டே போனார். டிவியில் எல்லோரும் பார்த்தார்கள். அடுத்த நாளே சமூக வலைத்தளத்தில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார், எந்தச் சாக்கும் சொல்லாமல். அதே வருஷம் நவம்பரில் விஜய் ஹசாரே கோப்பையில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 277 ரன் அடித்தார். ஐம்பது ஓவர் லிஸ்ட் ஏ ஆட்டங்களில் உலகிலேயே ஒருவர் அடித்த மிக அதிக ரன் அது. தொடர்ந்து ஐந்து சதம். ஜூனில் விரலைக் காட்டியதும் நவம்பரில் சதம் அடித்ததும் ஒரே ஆள்தான்.

அப்படியானால் அபராதம் மட்டும் போதுமா என்று கேட்டால், நான் இல்லை என்றுதான் சொல்வேன். பெரிய ஆட்டக்காரருக்குப் பணம் வலிக்காது. சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் இதைப் புரிந்துகொண்டுதான் 2016-இல் ஒரு புள்ளி முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு தவறுக்கும் அபராதத்தோடு கரும்புள்ளி. 24 மாதத்துக்குள் நாலு புள்ளி சேர்ந்தால் ஒரு டெஸ்ட் ஆட முடியாது. தென்னாப்பிரிக்க வேகப்பந்து வீச்சாளர் ரபாடா இதில்தான் மாட்டினார். 2017 ஜூலையில் லார்ட்ஸ் மைதானத்தில் பென் ஸ்டோக்ஸை அவுட் ஆக்கிவிட்டு ஒரு வார்த்தை சொன்னார். அதற்கு 15 சதவீத அபராதமும் ஒரே ஒரு புள்ளியும்தான். ஆனால் பிப்ரவரியில் இலங்கை ஆட்டக்காரர் டிக்வெல்லாவோடு மோதியதற்காக ஏற்கனவே மூணு புள்ளி இருந்தது. மூணும் ஒண்ணும் நாலு. அடுத்த டெஸ்ட்டில் அவர் வெளியே.

இங்கிலாந்துக் கால்பந்தில் வேய்ன் ரூனிக்கு நடந்தது இன்னும் கடுமை. 2011 ஏப்ரலில் வெஸ்ட் ஹாம் அணிக்கு எதிராக மூணு கோல் போட்ட சந்தோஷத்தில் டிவி கேமராவுக்குள்ளேயே கெட்ட வார்த்தை சொன்னார். மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் இரண்டு ஆட்டத் தடை. அதில் ஒன்று எஃப்ஏ கோப்பை அரையிறுதி. அவர் இல்லாத மான்செஸ்டர் யுனைடெட் அணி ஒரு கோலில் தோற்றது. சந்தோஷத்தில் சொன்ன வார்த்தைக்கு இவ்வளவா என்று எனக்கே தோன்றியது. ஆனால் அபராதச் சீட்டைவிட அந்த அரையிறுதி அவருக்கு அதிகம் ஞாபகம் இருக்கும் என்பதில் சந்தேகம் இல்லை.

இந்தக் கணக்கு நமக்குப் புதிது இல்லை. ஏரியில் பாடு முறையில் தொழில் செய்கிறவர்களுக்குத் தெரியும். சீட்டு விழுந்து, முறை வந்து, இடம் கிடைத்து, அன்றைக்குப் பார்த்து வலை போட முடியாமல் போனால் எப்படி இருக்கும்? ஆயிரம் ரூபாய் அபராதம் கட்டச் சொன்னால் கடன் வாங்கியாவது கட்டிவிட்டுத் திட்டிக்கொண்டே போவோம். முறை போனால் வலிக்கும். ஆட்டக்காரனுக்கும் அவன் முறை என்பது அடுத்த ஆட்டம்தான். ஆகவே அடுத்த ஆட்டத்தில் உட்கார வைப்பது எனக்குச் சம்மதம். ஒரு வருஷம் உட்கார வைப்பது சம்மதம் இல்லை. தலைக்கட்டு ஒருவர் தப்புச் செய்தால் ஒரு வருஷப் பாட்டையும் பிடுங்கலாம் என்று நாம் யாராவது சொல்வோமா?

அபராதத்தைப் பற்றி இன்னொன்று. கோலியின் அபராதம் அவருடைய சம்பளத்திலிருந்து போகிறது. அந்தப் பையனுக்குச் சம்பளம் ஏது? ஐந்நூறு ரூபாய் அவன் அம்மாவின் மீன் கூடையிலிருந்துதான் வரும். மகன் திட்டியதற்கு அம்மா பொன்னேரி வரை கூடை தூக்க வேண்டுமா? என் அம்மாவைத் திட்டிய குற்றத்துக்கு அவன் அம்மாவுக்குத் தண்டனை. இது நியாயமாக இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள்.

தொழில்முறை ஆட்டக்காரருக்கும் நம் பிள்ளைகளுக்கும் முக்கியமான வித்தியாசமே இதுதான். அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார். நடத்தை விதி என்ன, தண்டனை எவ்வளவு, மேல்முறையீடு எங்கே என்று எல்லாம் அச்சில் இருக்கிறது. அதனால் அவரைத் தண்டிப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. பெரிய பெயர் என்று விடவும் கூடாது. 2025 டிஎன்பிஎல் போட்டியில், டெஸ்டில் 537 விக்கெட் எடுத்த அஸ்வினுக்கே, நடுவரின் முடிவை எதிர்த்ததற்கும் மட்டையைத் தன் காலுறையில் ஓங்கி அடித்ததற்கும் சேர்த்து 30 சதவீத அபராதம் போட்டார்கள். சரியான காரியம். ஆனால் நம் போட்டியில் விதி என்று ஒரு தாள் உண்டா? நோட்டீஸில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு, நன்கொடையாளர் பெயர், பிரியாணி உண்டு என்பதுவரை இருக்கிறது. இப்படிப் பேசினால் இது தண்டனை என்று எங்கேயும் இல்லை. எழுதாத விதியைக் காட்டி ஒரு வருஷத்தை எடுத்துக்கொண்டோம்.

எது கெட்ட வார்த்தை என்பதிலும் சிக்கல் இருக்கிறது.

என் அப்பா வலை இழுக்கும்போது பேசிய பேச்சை இங்கே எழுதினால் ஆசிரியர் இந்த இதழையே நிறுத்திவிடுவார். இன்ஜின் ஸ்டார்ட் ஆகாவிட்டால் இன்ஜினின் பரம்பரையே வந்துபோகும். நண்டு வலையைக் கிழித்தால் நண்டுக்கும் அதே மரியாதை. ஆனால் கரையில் கால் வைத்தபின் அந்த வார்த்தை ஒன்றைக்கூட ஒரு ஆளைப் பார்த்து அவர் சொல்லி நான் கேட்டதில்லை. இன்ஜினைத் திட்டுவதும் ஆளைத் திட்டுவதும் ஒன்று இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆச்சரியம் என்னவென்றால், சர்வதேச விதியில் இந்த வித்தியாசம் இல்லை. சொந்த ஆட்டத்தை நினைத்து நொந்துகொண்டு ஒருவர் தன்னைத்தானே திட்டிக்கொண்டாலும், அது மற்றவர் காதில் விழும்படி இருந்தால் குற்றம். இதில் அவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. ஸ்டம்புக்குள் மைக்கை வைத்தவர்கள் அவர்கள். பந்து நின்ற பிறகும் அந்த ஒலியை ஒளிபரப்பலாம் என்று 2018-இல் அனுமதித்தவர்களும் அவர்கள். வீட்டில் உட்கார்ந்து கேட்க நமக்கும் சுவாரசியமாகத்தான் இருக்கிறது. 2024-இல் புனே டெஸ்ட்டில் வாஷிங்டன் சுந்தருக்கு ரிஷப் பந்த் ஹிந்தியில் யோசனை சொல்ல, மும்பையில் பிறந்த நியூசிலாந்துக்காரர் அஜாஸ் படேல் அதைப் புரிந்துகொண்டு பவுண்டரி அடித்ததைக் கேட்டுச் சிரிக்காதவர் யார்? அப்படி அந்தரங்கப் பேச்சை எடுத்து விற்றுவிட்டு, அதே மைக்கில் ஒரு முணுமுணுப்பு விழுந்தால் அபராதம் என்பது எனக்கு ஒட்டவில்லை. நம் ஊர் வர்ணனை மைக்கும் அன்றைக்கு அதைத்தான் செய்தது.

மொழியும் ஒரு தகராறு. 2008 சிட்னி டெஸ்ட்டில் ஹர்பஜன் சிங், ஆஸ்திரேலியாவின் சைமண்ட்ஸைக் குரங்கு என்று இனவெறியோடு சொன்னதாகப் புகார். முதலில் மூணு டெஸ்ட் தடை. மேல்முறையீட்டில் சச்சின் டெண்டுல்கர் சாட்சி சொன்னார். ஹர்பஜன் சொன்னது அம்மாவை இழுக்கும் ஒரு ஹிந்தி வசை, அது ஆங்கிலக் காதில் குரங்கு என்று விழுந்திருக்கலாம் என்பது இந்தியத் தரப்பு வாதம். இனவெறிப் புகாரை நிரூபிக்க முடியவில்லை என்று நீதிபதி ஹேன்சன், தடையை நீக்கி 50 சதவீத அபராதத்தோடு விட்டார். யோசித்துப் பாருங்கள், அம்மாவைத் திட்டினேன் என்பதுதான் அங்கே தற்காப்பு! இன்னொரு விஷயம், ஹர்பஜனின் பழைய குற்றப் பதிவு முழுதாக நீதிபதி கைக்குப் போய்ச் சேரவில்லை என்பது பின்னால் வெளியே வந்தது. உலகக் கிரிக்கெட்டையே நடத்துகிறவர்கள் பதிவேட்டை ஒழுங்காக வைக்கவில்லை. நம் விழாக் குழுவை நான் அதிகம் குறை சொல்லவில்லை.

ஆனால் இனத்தையோ நிறத்தையோ சொல்லித் தாக்குவது வேறு. 2019 ஜனவரியில் டர்பனில் பாகிஸ்தான் கேப்டன் சர்ஃபராஸ், தென்னாப்பிரிக்காவின் பெலுக்வாயோவின் நிறத்தைச் சொல்லி உருதுவில் பேசியது ஸ்டம்ப் மைக்கில் விழுந்தது. எதிராளிக்குப் புரியாத மொழிதான். நாலு ஆட்டத் தடை விதித்தார்கள். அதில் ஒரு குறையும் எனக்குத் தோன்றவில்லை. நம் பக்கம் நிறத்தைவிடச் சாதிதான் வாயில் வரும். குப்பத்துக்குக் குப்பம் ஆடும்போது அப்படி ஒரு வார்த்தை வந்தால் அது கெட்ட வார்த்தைக் கணக்கில் வராது. அதை விழாக் குழு சமாதானம் பேசி முடிக்கவும் கூடாது. போட்டியை விட்டே அனுப்ப வேண்டும்.

நான் வேலையில் இருந்தபோது நடந்தது ஒன்று. பள்ளி அணியைச் சென்னையில் ஒரு போட்டிக்குக் கூட்டிப்போனேன். டாஸ் போடும் முன்பே ஏற்பாட்டாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க குப்பத்துப் பசங்க வாயைக் கொஞ்சம் பார்த்துக்கங்க மாஸ்டர்" என்றார். என் பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து இறங்கி அதுவரை தண்ணீர் மட்டும்தான் கேட்டிருந்தார்கள். அன்றைக்கு அவுட் ஆன உள்ளூர்ப் பையன் ஒருவன் ஆங்கிலத்தில் அந்த நாலெழுத்து வார்த்தையை உரக்கச் சொல்லிக்கொண்டு போனான். நடுவர் சிரித்தார். ஆங்கிலத்தில் சொன்னால் உணர்ச்சிவசப்பட்டான் என்பார்கள், நம் தமிழில் சொன்னால் வளர்ப்பு சரியில்லை என்பார்கள். இதைப் பார்த்தவன் நான். அதனால்தான் நம் சங்கமே நம் பிள்ளைகளுக்கு இந்த முத்திரையைக் குத்தும்போது எனக்குச் சுருக்கென்கிறது.

போலீஸில் கொடுத்திருக்கலாமே என்று அன்றைக்கு ஒருவர் சொன்னார். பொது இடத்தில் ஆபாசமாகப் பேசுவது பழைய சட்டத்தில் 294(பி), 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 296. மூணு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் வசைச்சொல் பேசியது மட்டுமே அந்தப் பிரிவின்படி ஆபாசம் ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றமே 2022-இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. கிரிக்கெட் சண்டைக்குப் பதினேழு வயசுப் பையன் பெயரை ஸ்டேஷனில் எழுத வேண்டாம்.

குழந்தைகள் கெட்டுப்போகிறார்களே என்ற கவலை நியாயமானது. எங்கள் தெருவில் எட்டு வயசுப் பொடியன் ஒருவன் பிளாஸ்டிக் மட்டையோடு, அவுட் ஆனால் ஒரு ஹிந்தி வார்த்தை சொல்கிறான். டிவியில் உதட்டைப் பார்த்துப் படித்தது. அர்த்தம் என்னடா என்றேன். "'போச்சே'ன்னு அர்த்தம் தாத்தா" என்றான். நான் திருத்தவில்லை. அர்த்தம் சொன்னால் அன்றைக்கே அதற்கு உபயோகம் கண்டுபிடித்துவிடுவான். பெரிய ஆட்டக்காரர்கள் கேமரா முன் வாயைக் காக்க வேண்டும் என்று நான் கருதுவதற்கு அந்தப் பொடியன்தான் காரணம். ஆனால் தமிழ் வார்த்தைகளை அவன் டிவியில் கற்கவில்லை. எல்லைக்கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மாமா, சித்தப்பாக்களிடம் கற்கிறான். அரையிறுதியில் அந்தப் பையன் முதல் பந்து போட்டதிலிருந்து அவனை வெளியே இருந்து என்னென்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்டது. சொன்னவர்களில் இரண்டு பேர் இன்றைக்கு இங்கே முன்வரிசையில் இருக்கிறார்கள். தீர்மானத்தில் பார்வையாளரைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

நான் கேட்பது இதுதான். புதிதாக நாம் எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். கிரிக்கெட் விதிப் புத்தகத்திலேயே 2017 அக்டோபர் முதல் 42-ஆவது விதி இருக்கிறது. அந்தச் சூழ்நிலையில் ஆபாசமாகவோ புண்படுத்துவதாகவோ உள்ள பேச்சுக்கு முதல் தடவை கேப்டனைக் கூப்பிட்டு முதலும் கடைசியுமான எச்சரிக்கை. அதே அணியில் யார் மறுபடி செய்தாலும் எதிரணிக்கு ஐந்து ரன். ஒருவனை மிரட்டினால் சில ஓவர்கள் வெளியே. அடித்தால் அந்த ஆட்டம் முழுக்க வெளியே. அந்தச் சூழ்நிலையில் என்று போட்டிருக்கிறார்களே, அதில்தான் என் அப்பாவின் இன்ஜினும் வருகிறது. ஐந்து ரன் போனால் கேப்டனே பையன் வாயைக் கட்டுவான், என்னைவிட நன்றாகக் கட்டுவான். இதோடு நமக்காக மூணு சேர்க்கச் சொல்கிறேன். குடும்பத்தை இழுத்து ஒரு ஆளைத் திட்டினால் அடுத்த ஒரு ஆட்டம் கிடையாது. சாதி சொன்னால் போட்டியே கிடையாது. வெளியே உட்கார்ந்து திட்டுகிறவர் எந்தக் குப்பத்துக்காரரோ அந்த அணிக்கு அந்த ஐந்து ரன் போகும். பண அபராதம் எதற்கும் வேண்டாம். எல்லாவற்றையும் நோட்டீஸில் பிரியாணிக்கு மேலே அச்சடிக்க வேண்டும்.

அந்தப் பையனுக்கு வருகிறேன். சென்னை லீக்கில் கீழ் டிவிஷன் அணிகளுக்கு ஆள் பார்ப்பவர்கள் நம் பொங்கல் போட்டிக்கு வருவது உங்களுக்குத் தெரியும். வேகமாகப் பந்து போடும் பையனுக்கு 17-க்கும் 18-க்கும் நடுவில் ஒரு வருஷம் என்பது சின்ன விஷயம் இல்லை. இப்போது அப்பாவோடு ஏரிக்குப் போகிறான். சாயங்காலம் தனியாகச் சுவரில் பந்தை எறிந்துகொண்டிருக்கிறான், நான் பார்க்கிறேன். மேலே சொன்ன விதிப்படி அவனுக்கு உரிய தண்டனை ஒரு ஆட்டம். அதன் பிறகு நாம் ஜூன் கோப்பையில் மூணு ஆட்டம் ஆடிவிட்டோம். அவன் கணக்கு முடிந்துவிட்டது, கூடவே முடிந்துவிட்டது. திட்டு வாங்கியவன் என்ற முறையில் இதைக் கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் உங்கள் கருத்தை எழுதிச் செயலாளரிடம் கொடுக்கலாம். தீர்மானம் எப்படிப் போனாலும் சரி, அடுத்த போட்டியில் வர்ணனை மைக்கை எல்லைக்கோட்டிலிருந்து இருபதடி தள்ளிக் கட்டும் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்.